மூன்றாம் வகுப்பில் ஓர் அருவி

வாசிக்கத் தெரியாத பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அதன் வாயைக் கவனிக்காதீர்கள், விரலைக் கவனியுங்கள். வாய் பாடத்தைக் கடகடவென்று சொல்லிக்கொண்டு போகும். விரல் எங்கேயோ பக்கத்தின் ஓரத்தில், படத்திலிருக்கும் அணிலின் வாலில் நின்றுகொண்டிருக்கும். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் முதலில் ஏமாறப்போவது இந்த இடத்தில்தான். ஏமாந்தால் பரவாயில்லை, அடுத்த வாரம் விரலைப் பாருங்கள்.

விளையாட்டை வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அட்டையை எப்படி வெட்டுவது, எழுத்தை எந்த வரிசையில் காட்டுவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் கேட்டுக் கேட்டு உங்களுக்குக் கொட்டாவி வந்திருக்கும். அதை நான் வேறு சொல்லி உங்களைத் தூங்கவைக்க விரும்பவில்லை. ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னால் என் மூன்றாம் வகுப்பில் இருந்தவள். பெயர் முப்பிடாதி.

எனக்கு வீடு இலஞ்சி. வேலை பார்த்தது குற்றாலம் போகிற வழியில் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சீசன்தான் வீட்டு அடுப்பு. சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அம்மா அப்பா எல்லோரும் அருவிக்கரையில்தான் இருப்பார்கள். ஒருத்தர் பஜ்ஜி போடுவார், ஒருத்தர் எண்ணெய் தேய்த்துவிடுவார், ஒருத்தர் துண்டு விற்பார். முப்பிடாதியின் அம்மா செல்லத்தாய் பழக்கடை போட்டிருந்தாள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்துக்கொண்டு, காரில் வருகிறவர்களைக் குரலாலேயே இழுத்து நிறுத்துகிற கெட்டிக்காரி.

பிள்ளையும் கெட்டிக்காரிதான். ஒரு பாடத்தைப் பக்கத்தில் இருப்பவள் ஒருமுறை வாசிக்கக் கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடங்கள் நோய்க்குப் பயந்து மூடிக்கிடந்த நாட்களில் முதல் வகுப்பில் சேர்ந்தவள் அவள். எழுத்தை அவள் விரலால் தொட்டுப் பார்க்கவேண்டிய வயதில் போனில் டீச்சர் குரல் மட்டும் கேட்டது. குரலைப் பிடித்துக்கொண்டாள், எழுத்து கைநழுவிவிட்டது. விரலைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்ததும், நடத்தாத ஒரு பாடத்தைத் திறந்து வைத்து வாசிக்கச் சொன்னேன். பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்.

"டீச்சர், தண்ணி குடிச்சுட்டு வாரேன்."

வாசிக்கச் சொன்னதும் தாகம் எடுக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போய்க் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அது தாகம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டாம்.

சாரல் தொடங்கிய ஒரு நாள் காலையில், கடைக்குப் போகிற அவசரத்தில் செல்லத்தாய் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். பிள்ளை அவள் சேலைக்குப் பின்னால் நின்றது.

"டீச்சர், இவளுக்கு எழுத்து ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. ராயகிரில எங்க அக்கா இருக்கா. அங்கன பள்ளிக்கூடத்துல அடிச்சுச் சொல்லிக் குடுக்காவளாம். சீசன் முடியவும் கொண்டு விட்டுருதேன். டி.சி. மட்டும் எழுதி வைங்க."

"அடிச்சா எழுத்து நிக்குமா செல்லத்தாயி?"

"எனக்கு நின்னுச்சுல்லா! எட்டாப்பு வரைக்கும் அடி வாங்கித்தான படிச்சேன்."

அவள் சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் சேலைக்குப் பின்னால் இருந்த முகத்தையும் பார்த்தேன்.

"சீசன் முடியுற வரைக்கும் எனக்கு டைம் குடு. அதுக்குள்ள இவ வாசிக்கலன்னா நானே டி.சி.யைக் கையில தாரேன்."

"வாசிக்கான்னு நீங்க சொன்னா பத்தாது டீச்சர். நான் எங்கண்ணால பாக்கணும்."

"உன் கடையில பழத்துக்கு ஒருத்தனையும் பேரம் பேச விடமாட்ட. எங்கிட்ட மட்டும் நல்லாப் பேசு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவிட்டு வந்த முப்பிடாதி என் மேசையோரம் நின்றாள்.

"டீச்சர், ராயகிரில அருவி உண்டுமா?"

"அருவி கிடையாதுட்டி. வயக்காடுதான்."

"அம்மா கடை?"

"கடை இங்கனதான் இருக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தலையாட்டல் என்னை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

விளையாட்டு நான் கண்டுபிடித்ததில்லை. அதைப் பிள்ளைகள்தான் கொண்டுவந்தார்கள். மழை விடாத ஒரு மத்தியானம், வெளியே போகமுடியாமல் வகுப்புக்குள்ளேயே அருவி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகைக்குக் கீழே ஒரு கூட்டம் "ஊ" என்று கத்திக்கொண்டு குளித்தது. ஒருவன் போலீஸ். வாயாலேயே விசில் அடித்து எல்லோரையும் வெளியே விரட்டினான். தண்ணீர் அதிகமாக விழுந்தால் குளிக்கத் தடை போடுவதும், கொஞ்சம் குறைந்ததும் கூட்டத்தைத் திரும்ப விடுவதும் எங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிற காட்சி. இலஞ்சியிலிருந்து வருகிற எனக்கு முன்னால், இன்றைக்கு ஐந்தருவியில் விடுகிறார்களா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் செய்தது ஒன்றுதான், போலீஸின் வாயைக் கட்டினேன். இனிமேல் போலீஸ் பேசக்கூடாது, அட்டையைத்தான் காட்டவேண்டும். "குளிக்கலாம்", "குளிக்கத் தடை", "ஓரமாக நில்", "தலை துவட்டு", "எண்ணெய் தேய்" என்று பெரிய எழுத்தில் அட்டைகள் எழுதினேன். வீட்டிலிருந்து ஒரு பழைய நீலச் சேலையைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கவிட்டேன். அருவி தயார். விளையாட்டுச் சாமான் பெட்டியிலிருந்து நிஜ விசில் ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன். அதுதான் தலைமையாசிரியரை எங்கள் வகுப்புக்கு ஓடிவர வைத்தது.

"டீச்சர், இது பள்ளிக்கூடமா ஐந்தருவியா?"

"சார், ரெண்டுலயும் சத்தம் கேக்கலன்னா தண்ணி வரலன்னு அர்த்தம்."

நல்ல மனிதர். முணுமுணுத்துக்கொண்டே போய், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உங்களுக்கும் இப்படிக் கதவைச் சாத்திக்கொள்கிற தலைமையாசிரியர் வாய்க்கட்டும்.

விளையாட்டு என்றால் தப்புச் செய்தவன் அவுட் என்பதுதானே நம் ஊர் வழக்கம். நானும் அப்படித்தான் வைத்தேன். அட்டையைத் தப்பாகப் புரிந்துகொண்டவன் சுவரோரம் போய் உட்காரவேண்டும். எல்லோருக்கும் ஒரே கும்மாளம், எனக்கும் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் சுவரோரத்தைப் பார்த்தேன். தினமும் அதே முகங்கள். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள் முதல் அட்டையிலேயே அவுட்டாகி, மீதி நேரமெல்லாம் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நன்றாக வாசிக்கிறவர்கள் கடைசிவரை நின்று அட்டை அட்டையாக வாசித்தார்கள். பசித்தவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டு, சாப்பிட்டு முடித்தவன் இலையில் மறுபடியும் பரிமாறிக்கொண்டிருந்தேன். நீங்கள் எந்த விளையாட்டை வகுப்புக்குள் கொண்டுவந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: தோற்கிற பிள்ளை தோற்ற பிறகு என்ன செய்யும்?

இதில் ஒரு வேடிக்கை. முப்பிடாதி அந்தச் சுவரோரத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எழுத்தே தெரியாதவள் எப்படித் தப்பிக்கிறாள் என்று உற்றுப் பார்த்தேன். அவள் அட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை. முன்வரிசைப் பையன்களின் காலைப் பார்த்தாள். அவர்கள் கால் நகர்ந்த மறு கணம் இவள் கால் நகர்ந்தது. அவ்வளவு நேர்த்தி. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இத்தனை சாமர்த்தியம் இருக்கிற பிள்ளைக்கு எழுத்து வராதென்று யார் சொன்னது?

மறுநாள் சட்டத்தை மாற்றினேன். இனி யாரும் அவுட் இல்லை. தப்பாகச் செய்தவர்தான் அடுத்த போலீஸ்.

என்ன நடந்தது தெரியுமா? நன்றாக வாசிக்கிற பையன்கள் விசிலுக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே தப்புச் செய்ய ஆரம்பித்தார்கள். "குளிக்கத் தடை" என்று அட்டை வந்தால் ஓடிப்போய்ச் சேலைக்குள் புகுந்துகொண்டு தலையைத் தேய்த்தார்கள். "ஏலே, உனக்கு வாசிக்கத் தெரியாதா?" என்றால், "தெரியாது டீச்சர்" என்று பல்லைக் காட்டினார்கள். வெட்கமே இல்லாமல் வாசிக்கத் தெரியாது என்று சொல்கிற ஒரு வகுப்பை அன்றுதான் பார்த்தேன். அதுவரை அந்த வார்த்தையைச் சொல்லப் பயந்த பிள்ளைகளின் முகத்தில் ஓர் ஆசுவாசம் தெரிந்தது.

ஆனால் முப்பிடாதிக்குப் பிழைப்பு போயிற்று. அவள் நம்பியிருந்த கால்களெல்லாம் இப்போது பொய் சொல்லின. அவற்றின் பின்னால் ஓடியவள் அவர்களோடு சேர்ந்து மாட்டிக்கொண்டாள். அவள் முறை வந்தது. விசிலைக் கழுவிக் கையில் கொடுத்து, அட்டைக் கட்டையும் கொடுத்தேன்.

போலீஸ் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, அவசரமில்லாமல் அட்டையை எடுக்கலாம். எதை எடுத்தாலும் அதுதான் சட்டம். போலீஸ் காட்டுவது தப்பாகவே இருக்கமுடியாது. இத்தனை நாளும் தப்பாகிவிடுமோ என்று தொண்டை வறண்டு நின்ற பிள்ளைக்கு, தப்பே ஆகாத ஓர் இடம் கிடைத்தது. அதோடு இன்னொன்றும் சேர்த்திருந்தேன். கூட்டம் சொன்னபடி செய்த பிறகு, போலீஸ் அந்த அட்டையை உரக்க வாசிக்கவேண்டும். அவள் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். எதிரே எல்லோரும் தலை துவட்டினார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்து, "தலை துவட்டு" என்றாள். இப்போதும் பார்த்துச் சொல்கிற வித்தைதான். ஆனால் இந்தத் தடவை கண் காலில் இல்லை, எழுத்தில் இருந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அவள் அட்டையின் மூலையில் இருக்கிற மைக்கறையை அடையாளம் வைத்துக்கொண்டாள் என்று தெரிந்ததும், ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் புதிதாக எழுதிக்கொண்டு வந்தேன். அவள் என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன். அப்படித்தான் ஓடியது எங்கள் குடித்தனம்.

பிறகு ஒருநாள், முன்வரிசைப் பையன் ஒருவன் அவளைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டு அருவியை விட்டு வரமாட்டேன் என்று நின்றான். முப்பிடாதிக்கு மூக்கு விடைத்தது. சட்டென்று திரும்பி அட்டைக் கட்டைப் பிரித்தாள். ஒன்றைப் பார்த்தாள், கீழே போட்டாள். இன்னொன்றைப் பார்த்தாள், அதையும் போட்டாள். உதடு அசைந்தது. "குளிக்க... லாம். இது இல்ல. குளிக்க... த்... தடை!" அதை உருவி அவன் மூக்குக்கு முன்னால் நீட்டி, காது கிழிய ஒரு விசில் அடித்தாள்.

எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். அதுவரை எழுத்துதான் அவளைத் தேடித் தேடிவந்து பயமுறுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் எழுத்தைத் தேடினாள். அவளுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ஒருவனை விரட்டத்தான் என்றாலும் தேவை தேவைதானே. அதன் பிறகு அவளே புது அட்டை கேட்க ஆரம்பித்தாள். முதலில் கேட்டது, "கடைக்கு வா." குளித்துவிட்டு வருகிற கூட்டமெல்லாம் அம்மா கடைக்குப் போகவேண்டுமாம். "நீயே எழுதுட்டி" என்று பேனாவைக் கொடுத்தேன். எழுத்து மலையேறி இறங்கியிருந்தது, ஆனால் கூட்டம் வாசித்துவிட்டுக் கடைக்கு ஓடியது.

சீசன் முடிந்து, குற்றாலத்தில் தண்ணீர் நூலாக மெலிந்தது. கார்கள் குறைந்தன. ஒருநாள் மதியம், பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம், செல்லத்தாய் வந்துவிட்டாள். கடையைப் பிரித்தாயிற்றாம். தலைமையாசிரியர் அவளைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். முப்பிடாதியைக் கூப்பிட்டேன். கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தவள், அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

செல்லத்தாய் மேசையிலிருந்த பாடப்புத்தகத்தை எடுத்து, நடுவில் எங்கேயோ பிரித்து நீட்டினாள்.

"இந்தா, வாசி."

பிள்ளை பக்கத்தைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டது.

"டீச்சர், தண்ணி..."

"பாத்தேளா டீச்சர்? நான் சொன்னேம்லா" என்றாள் செல்லத்தாய். குரலில் வெற்றி இல்லை. பிள்ளையை விட்டுப் பிரிய அவளுக்கும் மனமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தலைமையாசிரியர் கண்ணால் எனக்கு ஜாடை காட்டினார். முதல் பாடத்தைக் கொடுங்கள் என்று அர்த்தம். அணில் பாடம். முப்பிடாதிக்கு அது தலைகீழ்ப் பாடம். விரலை வைத்துக்கொண்டு ஒரு மூச்சில் சொல்லிவிடுவாள். அம்மாவுக்கு விரலைப் பார்க்கத் தெரியாது. டி.சி. கதை அத்தோடு முடிந்துவிடும். என் கையும் அந்தப் பக்கத்தைப் புரட்டப் போனது என்பதே உண்மை.

ஆனால் அப்படிச் செய்தால் பிள்ளைக்கு என்ன தெரியும்? டீச்சரும் நம்மை நம்பவில்லை என்று தெரியும். ஊரில் நிற்பாள், எழுத்தில் நிற்கமாட்டாள். இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க யாரும் உங்களுக்கு அவகாசம் தரமாட்டார்கள். எதிரே ஒரு தாய் நிற்பாள், பக்கத்தில் அதிகாரி நிற்பார், பிள்ளைக்கு உதடு காய்ந்துகொண்டிருக்கும். பிள்ளை எந்த இடத்தில் தைரியமாக இருந்ததோ அந்த இடத்துக்கே அதைக் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

புத்தகத்தை மூடினேன். "போய்த் தண்ணி குடிச்சுட்டு அருவிக்கு வாட்டி" என்றேன். அவள் போனதும் செல்லத்தாயிடம் விசிலையும், வெற்று அட்டை ஒன்றையும், பேனாவையும் கொடுத்தேன்.

"நீதான் போலீசு. நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கவே முடியாத ஒண்ணா எழுது. எங்கிட்ட காட்டாத. எழுதிட்டு விசில் அடி. அட்டையில உள்ளத அவ செய்யணும்."

செல்லத்தாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். விசிலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அட்டையைச் சுவரில் வைத்து எழுதினாள். எழுதுவதற்கு முன் சற்றுத் தயங்கினாள். முப்பிடாதி வந்து நீலச் சேலைக்குக் கீழே நின்றாள். நானும் தலைமையாசிரியரும் செல்லத்தாய்க்குப் பின்னால் நின்றோம். விசில் சத்தம் கேட்டது. அட்டை உயர்ந்தது.

பிள்ளை அசையவில்லை.

எண்ணெய் தேய்க்கவில்லை, தலை துவட்டவில்லை, ஓரமாகப் போகவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்லத்தாய் இரண்டாவது தடவை விசில் அடித்தாள். அப்போதும் அசையவில்லை. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். முடிந்தது, நானே கெடுத்தேன், அணில் பாடத்தைக் கொடுத்திருக்கலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் பிள்ளையின் தாடை நடுங்கியது.

"போவ மாட்டேன்."

"என்னட்டி?" என்றாள் செல்லத்தாய்.

"நான் போவ மாட்டேன். நீ வேணா போ!"

ஓடிப்போய் அட்டையைப் பார்த்தேன். அடி வாங்கிப் படித்த எட்டாம் வகுப்புக் கையெழுத்தில், பெரிதாக எழுதியிருந்தாள்: "ராயகிரிக்குப் போ."

செல்லத்தாய் கையிலிருந்த அட்டையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். குட்டைப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"போர்டுல போட்டா கேக்கணும்லாட்டி?"

"போலீசு தப்பாப் போட்டிருக்கு" என்றாள் முப்பிடாதி. அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

"வாசிச்சுட்டா டீச்சர்" என்றாள் செல்லத்தாய். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "வாசிச்சுட்டு எதுத்தும்லா பேசுதா!" பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். டி.சி.யைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை. தலைமையாசிரியர் விசிலை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். போகிற வழியில் வராந்தாவில் அவரே அதை ஒருமுறை அடித்துப் பார்த்தது எனக்குக் கேட்டது.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். நாளைக்கு உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை, நீங்கள் காட்டியதைச் செய்யாமல் மரம் மாதிரி நிற்கும். பின்னால் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். 'இதுக்கு வராது' என்று வாய் வரைக்கும் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது வாசித்துவிட்டுக்கூட நின்றுகொண்டிருக்கலாம்.